கடவுளுக்கு முன்பாகத் தாழ்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாழ்மையைத் தரும்படி கடவுளிடம் கேட்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில நாட்களிலேயே ஐயங்கள் எழுகின்றன. ஜெபக் கூட்டங்களிலும் தனிப்பட்ட உரையாடல்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நானே மூத்தவர்களிடம் கேட்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வேத வசனங்களைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். இவ்விடத்தில் "இதை எழுத நான் தகுதியற்றவன்" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பது வழக்கம். அந்த வாக்கியத்தில் எவ்வளவு தாழ்மை இருக்கும் என்பது எனக்கே உறுதியாகத் தெரியாததால் அதை விட்டுவிடுகிறேன்.

தாழ்மை என்பது என்ன? தாழ்வு மனப்பான்மையும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டு சொற்களும் 'தாழ்' என்னும் ஒரே வேரிலிருந்து வருவதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. சபைகளுக்குள் சிலர் தாழ்மை என்றும், சிலர் மனத்தாழ்மை என்றும், கத்தோலிக்கர் பெரும்பாலும் தாழ்ச்சி என்றும் சொல்கிறார்கள், பொருள் ஒன்றே. தாழ்வு மனப்பான்மையோ முற்றிலும் வேறு. அதில் சிக்கியவர் நாள்முழுதும் தம்மைப் பிறரோடு நிறுத்துப் பார்த்து, தம் தட்டு இலேசாக இருப்பதைக் கண்டு வருந்துகிறார். பெருமையில் சிக்கியவர் கையிலும் அதே தராசுதான் இருக்கிறது. அவர் தம் தட்டின் கனத்தைக் கண்டு மகிழ்கிறார். இருவருக்கும் பார்வை தம்மீதே இருக்கிறது.

அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணவேண்டும் என்கிறார் (ரோமர் 12:3). மிஞ்சி எண்ணாதே என்றாரே ஒழிய, குறைத்து எண்ணு என்று சொல்லவில்லை. தெளிவாக எண்ணு என்றார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசா (1515–1582), கடவுள் ஏன் தாழ்மையை இவ்வளவு விரும்புகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது தமக்கு விளங்கிய விடையை 1577இல் எழுதிவைத்தார்: கடவுள் உண்மையின் வடிவம், தாழ்மையோ உண்மையில் நடப்பது. நான் மண்ணினால் உருவாக்கப்பட்டவன் என்பது உண்மை. அந்த மண்ணுக்குள் ஊதப்பட்டது கடவுளின் சுவாசம் என்பதும் உண்மை (ஆதியாகமம் 2:7). முதலாவதை மறந்தவர் பெருமைக்குள்ளும், இரண்டாவதை மறந்தவர் தாழ்வு மனப்பான்மைக்குள்ளும் விழுகிறார்கள்.

மனிதர்களிடம் பணிவாக நடந்தால் போதாதா? "கடவுளுக்கு முன்பாக" என்று ஏன் அழுத்திச் சொல்கிறார்கள்?

பணிவு நல்லது, தேவையானதும்கூட. ஆனால் பணிவைப் பழக்கத்தினாலும் வளர்ப்பினாலும், சில வேளைகளில் ஆதாயத்தை எதிர்பார்த்தும் ஒருவர் கைக்கொள்ள முடியும். கைகட்டி நிற்கிறவருடைய நெஞ்சு நிமிர்ந்திருக்கலாம்.

இயேசு சொன்ன பரிசேயன், ஆயக்காரன் உவமையை (லூக்கா 18:9–14) இந்தக் கேள்வியோடு வாசித்தால் ஒன்று புலப்படும். இருவரும் ஒரே ஆலயத்துக்குள் ஒரே வேலையாக, ஜெபிப்பதற்காகப் போகிறார்கள். யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பிரிவினனாகிய பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசிப்பதும் தசமபாகம் செலுத்துவதும் அவன் உண்மையாகவே செய்தவை. நன்றி சொல்லித்தான் தொடங்குகிறான். பிறகு, "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று சொல்லும்போது, அவன் பார்வை கடவுளை விட்டுத் தூரத்தில் நிற்கும் ஒரு மனிதன்மேல் போய்விட்டது தெரிகிறது. உதட்டில் "தேவனே" என்ற விளி இருந்தாலும் அவன் நிற்பது மனிதர்களுக்கு முன்பாகத்தான். வரி வசூலிக்கிறவனாகிய ஆயக்காரன் கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியவில்லை. பரிசேயன் பக்கமாகவும் திரும்பவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரியில் அவன் ஜெபம் முடிந்துவிடுகிறது. அவன் அங்கே தன்னை நிறுத்துப் பார்ப்பதற்குக் கடவுளைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: இந்த உவமையை வாசித்து முடித்தவுடன் "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லை" என்ற எண்ணம் எழும். எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

தாழ்மைக்காக ஜெபித்தால் கடவுள் அவமானங்களை அனுப்புவார் என்று சொல்கிறார்களே. எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தினாலேயே பலர் இந்த ஜெபத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தாழ்மை வேண்டுமானால் அவமானம் என்னும் விலையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். வேதாகமத்தை நிதானமாக வாசித்தால் வேறொரு வழியும் தெரிகிறது.

கெனேசரேத்துக் கடலருகே பேதுரு இரவுமுழுதும் வலைவீசி ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தத் தோல்வி அவரை முழங்காலில் நிறுத்தவில்லை. மறுநாள் இயேசுவின் சொற்படி வலையைப் போட்டு, வலை கிழிந்துபோகத்தக்க அளவு மீன்கள் அகப்பட்டு, இரண்டு படவுகளும் அமிழும் நிலை வந்தபோதுதான் அவர் இயேசுவின் பாதத்தில் விழுந்து, "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறார் (லூக்கா 5:8). அவரைத் தாழ்த்தியது நிரம்பிய வலை. ஏசாயா தேவாலயத்தில் ஆண்டவருடைய மகிமையைக் கண்டபோதுதான் தன் உதடுகள் அசுத்தமானவை என்று அறிந்தார். யோபுவுக்கும், இழப்புகள் எல்லாம் நேர்ந்து முடிந்த பின்பும் வாய் அடங்கவில்லை. "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று சொல்லும் நிலைக்கு வந்தபோதுதான் அடங்கியது (யோபு 42:5).

மறுபக்கத்தில் எகிப்தின் அரசனாகிய பார்வோன் இருக்கிறான். எட்டாம் வாதை வருவதற்கு முன், உன்னைத் தாழ்த்துவதற்கு எதுவரைக்கும் மனமில்லாமல் இருப்பாய் என்று மோசேயின் வாயிலாகக் கடவுள் அவனைக் கேட்கிறார். அதற்குள் ஏழு அடிகள் விழுந்திருந்தும் அவனுக்குத் தாழ்மை வரவில்லை. தமிழ் இலக்கணம் இங்கே நமக்கு உதவுகிறது: தாழ்த்தப்படுவது வேறு, தாழ்வது வேறு. தாழ்த்தப்பட்டவர் மனம் கசந்து இன்னும் விறைத்துப்போகவும் கூடும்.

ஆகவே, "எனக்கு அவமானத்தைத் தாரும்" என்று கேட்கவேண்டியதில்லை. "உம்மை நான் காணும்படி செய்யும்" என்று கேளுங்கள். துன்பம் வராது என்று நான் உறுதி சொல்லமுடியாது. பவுலுக்கு மாம்சத்திலே ஒரு முள் கொடுக்கப்பட்டிருந்தது, அது நீங்கும்படி அவர் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:9). ஆனால் அந்த முள்ளைத் தரும்படி அவர் ஜெபித்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

எந்தச் சொற்களால் ஜெபிப்பது?

ஆயக்காரனின் ஒரு வரி போதும். கீழைத் திருச்சபைகளில் அந்த வரியோடு இயேசுவின் பெயரையும் சேர்த்து, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று மூச்சின் போக்கோடு இசைத்து மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்வது நெடுங்காலப் பழக்கம். அதே சபைகள், உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்தின நோன்புக்காலமாகிய தபசுகாலத்தில், சிரியா நாட்டுப் புனித எப்ரேமின் (மறைவு 373) பெயரால் வழங்கும் ஒரு குறுஞ்ஜெபத்தைத் தரையில் விழுந்து வணங்கிச் சொல்கின்றன. என் சொந்தக் குற்றங்களை நான் காணவும், என் சகோதரனை நியாயந்தீர்க்காதிருக்கவும் எனக்கு அருளும் என்பது அதில் வரும் வேண்டுதல். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் ஒன்று கிடைத்தால் மற்றது தானாகவே வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமானது 131ஆம் சங்கீதம். மூன்றே வசனங்கள். "கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல, என் கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல" என்று தொடங்கி, தாயின் பால்மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்று சொல்கிறது. பால்குடிக்கும் குழந்தை என்று சொல்லாமல் பால்மறந்த குழந்தை என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். பால்குடிக்கும் குழந்தை தாயின் மடியில் ஏறியதும் எதையோ தேடி முட்டிக்கொண்டே இருக்கும். பால்மறந்த குழந்தைக்கு மடியே போதும். நம் ஜெபங்களில் பெரும்பாலானவை எதையாவது வாங்கிக்கொள்ள ஏறிய மடியாகவே இருக்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் எதுவும் கேட்காமல் பத்து நிமிடம் அவருக்கு முன்பாக உட்கார்ந்திருக்க முயன்று பாருங்கள். எவ்வளவு கடினம் என்பது தெரியவரும். அந்தக் கடினத்தை உணர்வதே ஒரு நல்ல பாடம்.

கர்தினால் மெரி தெல் வால் (1865–1930) பெயரோடு வழங்கும் தாழ்மைக்கான மன்றாட்டுமாலையைக் கத்தோலிக்கர் பலரும் அறிவார்கள். மதிக்கப்பட வேண்டும், புகழப்பட வேண்டும் என்னும் ஆசைகளிலிருந்தும், இகழப்படுவோமோ, மறக்கப்படுவோமோ என்னும் அச்சங்களிலிருந்தும் விடுதலை கேட்டு, இறுதியில் பிறர் என்னைவிட உயர்த்தப்படும்படி விரும்பும் வரத்தைக் கேட்கிறது அந்த மாலை. பெருமைக்கு ஆசை, அச்சம் என்று இரண்டு கால்கள் உண்டு என்பதை அது நன்றாக அறிந்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தம்மை வெறுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும், நீண்டகாலம் இழிவாக நடத்தப்பட்டவர்களுக்கும் இதை நான் முதலில் கொடுக்கமாட்டேன். அவர்களுக்கு அந்தச் சங்கீதமே ஏற்றது.

முழங்கால்படியிட்டுத்தான் ஜெபிக்கவேண்டுமா?

வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயக்காரன் நின்றுகொண்டுதான் ஜெபித்தான். பரிசேயனும் நின்றுகொண்டுதான் ஜெபித்தான். ஆயினும் உடல் மனதுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரங்கள் உண்டு. மனம் விறைத்திருக்கும் நாளில் முதலில் முழங்காலை மடக்குவது எனக்கு உதவியிருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம்.

கடவுள் பெரியவர், நான் சிறியவன் என்றால், துணிந்து கேட்பது தாழ்மைக்கு எதிரானதா?

இல்லை. சோதோமுக்காக மன்றாடிய ஆபிரகாம் தன்னைத் தூளும் சாம்பலும் என்று சொல்லிக்கொள்கிறார். அப்படிச் சொல்பவரே, ஐம்பது நீதிமான்களிலிருந்து தொடங்கிப் பத்துப் பேர்வரை எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டுக்கொண்டே போகிறார் (ஆதியாகமம் 18). எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம், கடவுளுடைய கிருபையின் சிங்காசனமாகிய கிருபாசனத்தண்டையில் தைரியமாய்ச் சேரும்படி அழைக்கிறது. தன் கையில் ஒன்றும் இல்லை என்று அறிந்தவரால்தான் கூச்சமில்லாமல் கைநீட்ட முடியும். மார்ட்டின் லூத்தர் 1546இல் இறந்தபோது அவர் கடைசியாக எழுதிவைத்த ஒரு துண்டுத்தாள் கிடைத்தது. நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை என்ற பொருளில் அது முடிகிறது. "இதையெல்லாம் கேட்டு ஆண்டவரைத் தொந்தரவு செய்வானேன்" என்று ஒதுங்கி நிற்பது பல நேரங்களில் தாழ்மையின் உடை அணிந்த தன்மானமே.

தினசரித் தியானத்தில் என்னை எப்படி ஆராய்ந்து பார்ப்பது?

லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்து, 1548இல் அச்சான ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கென்று ஓர் எளிய ஒழுங்கு இருக்கிறது. முதலில், பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது. பிறகு, தன் பாவங்களை அறியும் அருளைக் கேட்பது. அதன் பிறகே அந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது. அடுத்து மன்னிப்புக் கேட்பது. கடைசியாக, அருளின் துணையோடு திருந்தத் தீர்மானிப்பது. கால் மணி நேரம் போதும்.

இந்த ஒழுங்கின் வரிசையை மாற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நாம் இயல்பாகவே குற்றப்பட்டியலிலிருந்து தொடங்குகிறோம். அப்போது ஆராய்ச்சி முழுதும் "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்னும் புலம்பலாக மாறிவிடுகிறது. நன்றியிலிருந்து தொடங்கும்போது, பவுல் கொரிந்தியரைக் கேட்ட கேள்வி முன்னே வந்து நிற்கிறது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" (1 கொரிந்தியர் 4:7). இந்தக் கேள்வியை அன்றைய நாளின் ஏதேனும் ஒரு வெற்றியின்மேல் வைத்துப் பாருங்கள். இன்று ஒரு வேலையை நன்றாக முடித்தேன் என்றால், அதற்கான உடல்நலம், கற்றுக்கொடுத்த ஆசிரியர், அந்த வேளையில் குறுக்கிடாமல் இருந்த வீட்டார், நடுவில் தோன்றிய நல்ல யோசனை ஆகியவற்றில் நான் பெற்றுக்கொள்ளாதது எது? எண்ணிக்கொண்டே போனால் எனக்கென்று மிஞ்சுவது மிகச் சிறிது. அந்தச் சிறிதும் மகிழ்ச்சிக்குரியதே.

இரண்டாம் படியையும் அவசரமாகத் தாண்டவேண்டாம். நம் பாவங்களை நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவதும் ஒரு வகைத் தன்னம்பிக்கைதான். எகிப்துப் பாலைநிலத் துறவிகளிடையே 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோசே என்னும் தந்தையைப்பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கும் சபைக்கு அவரை அழைத்தார்கள். ஒழுகும் ஒரு குடத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு அவர் வந்தார். இது என்ன என்று கேட்டவர்களிடம், "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, நான் அவற்றைக் காணவில்லை, இன்று இன்னொருவனுடைய குற்றத்தை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன்" என்றாராம். கூடியிருந்தவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

தாழ்மையாக இருக்கிறேன் என்று எண்ணியவுடனே அது போய்விடுகிறதே?

ஆம், போய்விடும். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கின் ஏழாம் அதிகாரம், யாக்கோபு கண்ட ஏணியை உவமையாக்கித் தாழ்மையின் பன்னிரண்டு படிகளை விவரிக்கிறது. தாழ்வதன்மூலம் ஏறும் ஏணி அது. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளுக்குப்பின் கிளேர்வோ பெர்னார்டு (1090–1153) அந்தப் படிகளை விளக்க முற்பட்டு, தாம் நன்கு அறிந்தது இறங்கும் வழியே என்பதுபோல, பெருமையின் பன்னிரண்டு படிகளை எழுதிவைத்தார். அவற்றில் ஒன்பதாவது, போலியான பாவ அறிக்கை: தன்னைத்தானே மிகையாகக் குற்றஞ்சாட்டிக்கொள்வதன்மூலம் தாழ்மையுள்ளவன் என்ற பெயரைச் சம்பாதிப்பது. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லிக்கொள்கிறவரைப் பார்த்து, "ஆம், உண்மைதான்" என்று யாராவது ஒப்புக்கொண்டால் அவர் முகம் மாறுவதைக் கண்டிருப்பீர்கள்.

இதற்கு மருந்து, தாழ்மையைச் சோதித்துப் பார்ப்பதையே நிறுத்திவிடுவது. விதையை நட்டவர் நாள்தோறும் தோண்டிப் பார்த்தால் அது முளைக்காது. தற்பெருமை எழும்போது அதோடு மல்லுக்கு நிற்காமல், "ஆண்டவரே, மறுபடியும்" என்று சொல்லிவிட்டு, ஜெபத்தில் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரத்தில் இருபது முறை திரும்பவேண்டியிருந்தாலும் அது வீணான மணி நேரம் அல்ல.

பலர் முன்னிலையில் ஜெபிக்கும்போது என் மனம் கேட்கிறவர்கள்மேல் போகிறது. என்ன செய்வது?

ஒருமுறை ஒரு கூட்டத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அழகான ஒரு சொற்றொடர் வாயில் வந்தது. அதை நான் சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு எனக்கு இனித்தது. அன்றிரவு, மனுஷர் காணும்படி ஜெபிக்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்ற வசனத்தை (மத்தேயு 6:5) வாசித்தபோது, எனக்குக் கிடைத்த கூலி ஒரு பெருமூச்சுதான் என்று விளங்கியது.

அதற்காகப் பொது ஜெபத்தை விட்டுவிடத் தேவையில்லை. அதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த சொற்களையே பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொது ஜெபத்தைவிட நீளமான ஜெபம் கதவைப் பூட்டிய அறைக்குள் உங்களுக்கு இருக்கட்டும்.

பாராட்டை எப்படி ஏற்றுக்கொள்வது? என் திறமையை மறுக்கவேண்டுமா?

மறுப்பது பொய். நன்றி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பவுல், தான் அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார். உடனே, நான் அல்ல, என்னுடனேயிருக்கிற தேவகிருபையே என்று சேர்க்கிறார் (1 கொரிந்தியர் 15:9–10). மூன்றும் உண்மை.

எனக்கு அநியாயம் செய்கிறவர்களிடமும் தாழ்மையாக இருக்கவேண்டுமா?

இந்தக் கேள்விக்குக் கொடுக்கப்பட்ட தவறான பதில்களால் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். "தாழ்மையாயிரு" என்ற சொல்லை, மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருடைய வாயை மூடப் பயன்படுத்தும்போது அது கிறிஸ்துவின் போதனையாக இருப்பதில்லை. தாழ்மையைப் போதிக்க உரிமை பெற்றவர், தம்முடைய வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, தம் சீஷர்களின் கால்களைக் கழுவியவர் (யோவான் 13). தாழ்மையை மேலேயிருந்து கட்டளையாக இறக்காமல், தாமே கீழே இறங்கி அதைக் காட்டினார். தேவனுடைய ரூபமாயிருந்தும் தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் சொல்வதும் இதையே. பண்டைய கிரேக்கர்களிடம் தாழ்ந்தவன் என்ற சொல் பெரும்பாலும் அடிமைநிலையையும் இழிநிலையையும் குறித்தது. அந்தச் சொல் நற்பண்பின் பெயராக மாறியதற்கு, ஆண்டவராயிருந்தவர் அந்த இடத்தைத் தாமே தெரிந்துகொண்டதுதான் காரணம்.

அதே இயேசு, பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் தம்மை அறைந்தபோது, "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). அவர் திருப்பி அடிக்கவில்லை. அடித்தது சரி என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிலிப்பி பட்டணத்தில், விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாக விடுதலை செய்ய முயன்றபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் மறுத்துவிட்டார். தம் ரோமக் குடியுரிமையை அவர் அங்கே எடுத்துச் சொன்னது பெருமை அல்ல. கடவுளுக்கு முன்பாகத் தாழ்ந்திருப்பவர் உண்மையைப் பேசலாம், உதவி கேட்கலாம், வன்முறையுள்ள இடத்தைவிட்டு வெளியேறலாம். தாழ்மை அவருக்குள் செய்யும் வேலை வேறொன்று: எதிரியும் கடவுளின் இரக்கம் தேவைப்படுகிற மனிதனே, நானும் அவ்வாறே என்பதை அது மறக்கவிடாது. அதற்கும்கூடக் காலம் ஆகலாம். காயம் ஆறாத நிலையில் அதை அவர்மீது திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

நான் வளர்கிறேனா என்று எப்படி அறிவது?

பெரும்பாலும் நீங்கள் அறியமாட்டீர்கள். வீட்டில் இருப்பவர்கள் முதலில் அறிவார்கள். ஓர் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: உங்களைத் திருத்துகிறவருக்குப் பதில் சொல்வதற்குமுன், அவர் சொன்னதில் எது உண்மை என்று யோசிக்கும் இடைவெளி சற்று நீண்டிருக்கும். கிறிஸ்தவ வாழ்வின் வழியைக் கேட்டவருக்குப் புனித அகுஸ்தீன் (354–430), முதலாவது தாழ்மை, இரண்டாவது தாழ்மை, மூன்றாவதும் தாழ்மை என்று எழுதினார். நீ எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன் என்றார். முதல் பாடமே கடைசிப் பாடமும் ஆகிவிட்ட பள்ளியில் தேர்ச்சிச் சான்றிதழை எதிர்பார்க்க முடியாது.

ஜெபமும் தியானமும் போதுமா? வேறு ஏதேனும் செய்யவேண்டுமா?

ஒன்று உண்டு, அது ஜெபத்தைவிடக் கடினமானது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:23–24). மனத்தாழ்மைக்காக வாரக்கணக்கில் ஜெபித்துவிட்டு, ஒரே ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகாமல் இருப்பது எளிது. நான் அப்படி இருந்திருக்கிறேன். போகும்போது, "நான் செய்தது தவறு" என்பதற்குப் பிறகு "ஆனால்" என்ற சொல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வந்தால் மன்னிப்புக் கேட்பது வழக்காடுவதாக மாறிவிடும். அவர் மன்னிக்காமலும் போகலாம். அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. காணிக்கை வைத்த இடத்திலேயே இருக்கும்; திரும்பி வந்து செலுத்தலாம்.